மொட்டை மாடியிலிருந்து ஓராண்டு வானம்: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வானம் பார்க்க ஆசைப்பட்டுத் தொலைநோக்கி வாங்கி, மூன்றே மாதத்தில் அதைப் பரணில் ஏற்றியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததுதான் தவறு. எது எங்கே இருக்கிறது என்று வெறும் கண்ணுக்கே தெரியாதபோது, ஒரு பாகை அகலம் மட்டும் காட்டும் குழாய் வழியே எதைத் தேட முடியும்?

ஆகவே இதில் வரிசைதான் முக்கியம். தமிழ்நாட்டிலிருந்து, அதாவது கன்னியாகுமரியின் 8 பாகை வட அட்சரேகைக்கும் சென்னையின் 13 பாகைக்கும் இடையிலிருந்து, பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மேலை நாட்டு நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் 40, 50 பாகையில் வாழ்பவர்களுக்காக வரையப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நம் வானத்தில் குழப்பமே மிஞ்சும்.

1. முதல் மாதத்துக்குத் தேவையானவை

ஒரு பாய், ஒரு நோட்டு, பென்சில், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி. இவை போதும். ஒரு சிறிய டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியை நிறுவி, உங்கள் ஊரை இடமாகக் குறித்துவிடுங்கள். ஊரைக் குறிக்காமல் விட்டுவிட்டு, படத்தில் இருப்பது வானத்தில் இல்லையே என்று திகைப்பவர்கள் உண்டு.

பாய் எதற்கு என்று கேட்பார்கள். வேட்டைக்காரன் வடிவ விண்மீன் கூட்டமான ஓரியன், கார்த்திகை, மகம் ஆகியவை நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் கடப்பவை. நின்றுகொண்டே அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். மறுநாள் மாடி ஏற மனம் வராது.

2. திசைகளைப் பகலிலேயே பழகுங்கள்

கைப்பேசியின் திசைகாட்டியை மாடியில் முழுமையாக நம்ப வேண்டாம். இரும்புத் தூண், கைப்பிடிக் கம்பி, காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் எல்லாம் அதைத் திருப்பிவிடும். மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டிச் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. அந்தச் சமயத்தில் எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் மறைகிறது என்று குறித்துக்கொண்டால் அதுவே ஆண்டு முழுவதற்கும் அடையாளம். மற்ற மாதங்களில், ஒரு குச்சியை நேராக நட்டு, நண்பகலை ஒட்டி அதன் நிழல் மிகக் குறுகியிருக்கும் வேளையில் நிழலின் மேல் ஒரு கோடு போடுங்கள். அது வடக்கு தெற்குக் கோடு.

அடுத்து, தெற்குத் தொடுவானம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். நமக்கு வாய்த்த பெரிய செல்வம் தெற்கு வானம். லண்டனில் இருப்பவர் வாழ்நாள் முழுவதும் தம் ஊரிலிருந்து காண முடியாத அகத்தியர் (கனோபஸ்) நட்சத்திரமும் தெற்குச் சிலுவையும் நம் மாடியிலிருந்தே தெரியும். தெற்கே தென்னந்தோப்போ அடுக்குமாடிக் கட்டடமோ மறைத்தால், இப்போதே வேறு மாடியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

துருவ நட்சத்திரத்திலிருந்து தொடங்க வேண்டாம். அது எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. தொடுவானப் புகைமூட்டத்தில் பெரும்பாலும் கரைந்துபோகும். அதுதான் வானத்திலேயே மிகப் பிரகாசமானது என்ற தவறான எண்ணமும் பலரிடம் உண்டு. உண்மையில் அது நடுத்தரமான நட்சத்திரம்.

3. கையால் அளக்கப் பழகுங்கள்

கையை முழுவதும் நீட்டுங்கள். சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 பாகை. நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை. மூடிய கைப்பிடி 10 பாகை. விரித்த சாண் சுமார் 20 பாகை. சிறுவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கை சிறியது என்றாலும் தோளும் அருகிலேயே இருக்கிறதல்லவா?

முழு நிலவைச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். விரலில் பாதி அகலம்தான் இருக்கும், அதாவது அரை பாகை. ‘அந்தப் பெரிய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்’ என்பதற்குப் பதிலாக ‘அதற்குத் தெற்கே இரண்டு கைப்பிடி’ என்று சொல்லத் தொடங்கும் நாளில் உங்கள் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

4. நிலவையும் நாள்காட்டியையும் கொண்டு முதல் நட்சத்திரங்களைப் பிடியுங்கள்

புதியவர்களை நேராக இருண்ட மலைக்கு அழைத்துச் செல்வதை நான் நிறுத்திவிட்டேன். அங்கே ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். வடிவம் எதுவும் பிடிபடாது. ஊர் வெளிச்சமும் நிலவொளியும் மங்கலானவற்றை மறைத்து, பெரியவற்றை மட்டும் விட்டுவைக்கின்றன. எழுத்துப் பழகுபவருக்கு உயிரெழுத்துகளை மட்டும் முதலில் காட்டுவது போன்றது இது. முதல் மாதத்துக்கு நிலவு இருக்கும் இரவே நல்லது.

நாள்காட்டித் தாளில் ‘இன்று ரோகிணி மாலை 4.10 வரை, பிறகு மிருகசீரிடம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது நிலவு நிற்கும் இடத்தின் முகவரி. நிலவின் பாதையை 27 பங்காக, பங்குக்கு 13 பாகை 20 கலையாக (60 கலை ஒரு பாகை) பிரித்திருக்கிறார்கள். நிலவு ஒரு நாளில் கடக்கும் தொலைவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே மாலையில் எந்த நட்சத்திரம் நடப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாடி ஏறுங்கள். ரோகிணி என்றால், நிலவுக்கு ஒரு கைப்பிடித் தொலைவுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்வது ரோகிணி.

இதில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று.

முதலாவது, எல்லா நட்சத்திரங்களுக்கும் இந்த முறை பலிக்காது. கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம், மகம், சித்திரை ஆகிய ஐந்தும் நிலவின் பாதையை ஒட்டியவை. இவற்றோடு தொடங்குங்கள். சுவாதியும் திருவோணமும் பாதைக்கு வடக்கே ஏறக்குறைய மூன்று கைப்பிடி தள்ளி நிற்பவை. சுவாதி நாளில் நிலவின் அருகே சுவாதியைத் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, கேட்டை. அந்தச் சிவந்த நட்சத்திரம் தன் பங்கின் தொடக்க எல்லையிலேயே நிற்கிறது. ஆகவே அனுஷம் முடிந்து கேட்டை பிறக்கும் நேரத்தில்தான் நிலவு அதற்கு மிக அருகில் இருக்கும். கேட்டை முடியும் வேளையில் பார்த்தால் நிலவு ஒரு கைப்பிடிக்கு மேல் கிழக்கே நகர்ந்திருக்கும்.

மூன்றாவது, முழு நிலவு நாளில் தேடுவது. அன்று நிலவின் ஒளி பக்கத்தில் இருப்பதையெல்லாம் விழுங்கிவிடும். பிறை முதல் அரைநிலவு வரையான நாள்களே மிக எளிது.

தொடங்க மிக நல்ல காலம், சித்திரா பௌர்ணமிக்கு முந்தைய வளர்பிறை. அந்தப் பதினைந்து நாளில், மாலை வானத்திலேயே, நிலவு கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம், மகம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சித்திரை வரை போகும். ஒரே வளர்பிறையில் ஐந்தும் அறிமுகமாகிவிடும். கோடையின் தெளிந்த வானமும் பெரும்பாலும் துணைக்கு இருக்கும்.

மாதப் பெயர்களும் இதே கணக்கில் பிறந்தவைதான். எந்த நட்சத்திரத்தின் அருகே முழு நிலவு நிற்கிறதோ, அது அந்த மாதத்தில் சூரியன் மறையும்போது கிழக்கே எழும். கார்த்திகை மாதத்தில் கார்த்திகை அந்தி வேளையில் எழுகிறது. மூன்று மாதம் கழித்து, மாசியில் அந்தி வேளையில் உச்சியில் நிற்கிறது. வைகாசியில் சூரியனோடு மறைந்துவிடுகிறது. இதை மனத்தில் ஏற்றிக்கொண்டால், எந்த மாதத்தில் எதைத் தேடலாம் என்று செயலியைக் கேட்க வேண்டியதில்லை.

5. பிறகு இருண்ட இரவுகளுக்கு வாருங்கள்

பத்துப் பன்னிரண்டு பெரிய நட்சத்திரங்கள் பழகிய பின் நிலவில்லா இரவு தேவை. இதற்கும் நாள்காட்டி போதும். தேய்பிறைச் சதுர்த்தியில் நிலவு இரவு 9 மணியளவில் எழும் என்பது சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாகிக்கொண்டே போகும். ஆகவே அந்தச் சதுர்த்திக்கு இரண்டு நாள் கழித்துத் தொடங்கி, அமாவாசை தாண்டி மூன்றாம் பிறை வரை முன்னிரவு இருட்டாக இருக்கும்.

மாடி ஏறியதும் வானம் வெறுமையாகத் தெரிந்தால் இறங்கிவிடாதீர்கள். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். இடையில் ஒரு முறை கைப்பேசியின் வெள்ளைத் திரையைப் பார்த்தாலும் பழகியது போய்விடும். மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு இந்தப் பழக்கத்தை அதிகம் கெடுப்பதில்லை. அதற்குத்தான் அந்தக் கண்ணாடித்தாள்.

மங்கலானதை நேராக உற்றுப் பார்க்காமல், சற்று ஓரமாகப் பாருங்கள். குறைந்த ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும் இருக்கின்றன. நேராகப் பார்த்தால் மறைவது ஓரப் பார்வையில் தோன்றும்.

மலைக்குப் போவதென்றால் ஏலகிரி, ஏற்காடு, சவ்வாது மலைப் பகுதிகள் நல்லவை. சவ்வாது மலையில்தான், தென்வானமும் எட்டும் 12.5 பாகை அட்சரேகையில், 2.3 மீட்டர் ஆடி கொண்ட காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. காட்டுப் பகுதியில் இரவில் தங்க வனத்துறை அனுமதி வேண்டும். ஊருக்குள் ஒரு வீட்டின் மாடியைக் கேட்டு வாங்குவதே எளிது, பாதுகாப்பானதும்கூட.

6. ஒரே நேரம், பன்னிரண்டு மாதம்

இரவு 8 மணியை உங்கள் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்கள் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக எழுகின்றன. மாதத்துக்கு 2 மணி நேரம். நேரத்தை மாற்றிக்கொண்டே பார்த்தால் மாதத்தால் வந்த மாற்றம் எது, மணியால் வந்தது எது என்று பிரித்தறிய முடியாது.

ஜனவரி, பிப்ரவரி: ஆண்டிலேயே நல்ல வானம். ஓரியனின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையை வடமேற்கே நீட்டினால் ரோகிணி, தென்கிழக்கே நீட்டினால் வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். இடுப்புக்கு வடக்கே சிவந்திருப்பது திருவாதிரை. ஓரியன் நம் ஊரில் பக்கவாட்டில் சாய்ந்தபடி எழும், இடுப்பின் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும். புத்தகப் படத்தில் நிமிர்ந்து நிற்பவனைத் தேடுபவர்கள் இதனால்தான் அவனைத் தவறவிடுகிறார்கள். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்குச் சற்று முன் நேர் தெற்கே, சென்னையில் ஒரு சாணுக்குச் சற்று மேலே, அகத்தியர் நிற்பார். சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அவருக்குத்தான்.

மார்ச் முதல் மே வரை: மகம் தலைக்கு மேல். வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வாலின் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. வாலின் நடு நட்சத்திரம் வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. பிரித்துக் காண முடிகிறதா என்று பாருங்கள், கண்ணுக்கு நல்ல சோதனை.

தெற்கே ஒரு பொறி காத்திருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாலைகளில் தெற்கில் ஒரு சிலுவை வடிவம் தெரியும். பெரும்பாலானோர் அதையே தெற்குச் சிலுவை என்று எண்ணிப் படமும் எடுத்துவிடுகிறார்கள். அது போலிச் சிலுவை. உண்மையானது அதைவிடச் சிறியது, பிரகாசமானது, அதற்குக் கிழக்கே ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்ற இரண்டு ஒளிமிக்க காவலர்கள் உண்டு. ஐயம் வந்தால் அந்த இருவரும் எழும் வரை காத்திருங்கள். மே நடுவில் இரவு 9 மணிக்குச் சிலுவை நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். சென்னையில் ஒன்றரை முதல் இரண்டு கைப்பிடி உயரம், கன்னியாகுமரியில் இன்னும் அரைக் கைப்பிடி கூடுதல்.

மே 5, 6 தேதிகளை ஒட்டி அதிகாலை 3 முதல் 5 மணி வரை கிழக்கே எரிகற்கள் விழும். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச் சென்ற தூசி அது. பெயர் ஈட்டா அக்வாரிட். வட நாட்டவரைவிட நமக்கு நன்றாகத் தெரியும், வானமும் திறந்திருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவமழை மேகங்கள் அவ்வப்போது தொல்லை தரும். இடைவெளி கிடைத்தால் விருச்சிகம் முழுத் தேளாகவே தெரியும், தலை முதல் வால் வரை. நெஞ்சில் கேட்டை. வாலுக்குக் கிழக்கே தனுசு, அங்கேதான் பால்வெளியின் மையத் திசை. இருண்ட இடத்தில் ஆகஸ்டில் இதைப் பார்க்காமல் விடாதீர்கள். செப்டம்பரில் திருவோணம் உச்சிக்கு வரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை. இதை இழந்த காலமாக எண்ண வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த இரவில் தூசி கழுவப்பட்டு வானம் பளிச்சென்றிருக்கும். நவம்பரில் அப்படி ஓர் இரவு கிடைத்தால் உச்சிக்கு வடக்கே ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளைத் தேடுங்கள். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் ஒளி, வெறும் கண்ணுக்குச் சிறு பஞ்சுத் திட்டாகத் தெரியும். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு. 10 மணிக்கு மேல் மேகம் விலகினால் மாடியில் படுத்துவிடுங்கள்.

7. கோள்களைப் பிரித்தறிதல்

நிலவின் பாதையில், உங்களுக்குத் தெரிந்த நட்சத்திரங்களுக்கு நடுவே, வரைபடத்தில் இல்லாத ஒளிப்புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் கோள். ‘மின்னாவிட்டால் கோள்’ என்ற விதி தொடுவானத்தருகே பொய்த்துவிடும். அங்கே வெள்ளியும்கூட மின்னும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள், இடம் மாறியிருந்தால் ஐயமில்லை.

8. முதலில் பைனாகுலர்

தொலைநோக்கிக்கு முன் 7×50 அல்லது 10×50 பைனாகுலர். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இதைவிடப் பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடும். ஈசி சேரில் சாய்ந்து முழங்கையை அதன் கைகளில் ஊன்றினால் படம் நிலைக்கும்.

பலர் செய்யாமல் விடுவது ஒன்று. வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் பக்கத்தின் வளையத்தை மட்டும் திருப்பி அதைத் தெளிவாக்குங்கள். இரண்டு கண்ணின் பார்வையும் ஒன்றாக இருப்பதில்லை. இதைச் செய்யாதவர்களே பைனாகுலரில் தலைவலி என்கிறார்கள்.

கார்த்திகைக் கூட்டம், ஓரியனின் வாளில் உள்ள ஒண்முகில் (நெபுலா), கடகத்தில் பூசத்தை ஒட்டிய விண்மீன் கொத்து, விருச்சிகத்தின் வாலருகே உள்ள கொத்துகள், ஜூன் தொடக்கத்தில் இரவு 9 மணிக்குத் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து. இந்த வரிசையில் பாருங்கள். நிலவைப் பார்க்க ஏற்ற நாள் பௌர்ணமி அல்ல. நான்காம் பிறை முதல் தசமி வரை, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும்போதுதான் மேடுபள்ளம் தெரியும்.

பைனாகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. ஒரு நொடியில் பார்வை போகும். பகலில் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

9. தொலைநோக்கி, கடைசியாக

ஓராண்டு பழகிய பின் வாங்குங்கள். பெட்டியில் ‘500 மடங்கு’ என்று அச்சிட்டதை விட்டு விலகுங்கள். பயன்தரும் உருப்பெருக்கம் ஆடியின் அல்லது முன் லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொன்னால் அதைப்போல் இரண்டு மடங்கு வரைதான். 70 மில்லிமீட்டர் கருவிக்கு 140. என் பரிந்துரை 6 அங்குல டாப்சோனியன், அதாவது தாழ்ந்த அடிப்பெட்டியில் சுழலும் ஆடித் தொலைநோக்கி. தரையில் நிலையாக உட்காரும். மெல்லிய முக்காலி மீது ஆடும் கருவியில் சனியின் வளையம்கூடத் துள்ளிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் பகலில், தொலைவில் உள்ள கோபுரத்தின் உச்சியைக் குழாயின் நடுவில் கொண்டுவந்து, தேடும் சிறு குழாயும் அதே உச்சியைக் காட்டும்படி திருகுகளைச் சரிசெய்யுங்கள். இரவில் குறைந்த பெருக்கமுள்ள ஐபீஸையே (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) முதலில் மாட்டுங்கள். ஐபீஸில் 25 மில்லிமீட்டர் என்றால் குறைந்த பெருக்கம், 10 என்றால் கூடுதல். எண்ணை மாற்றிப் புரிந்துகொண்டு நிலவையே பிடிக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பிக் கோடாக மெலிந்தது. வரும் ஆண்டுகளில் மெல்ல விரியும். மெலிந்து தெரிந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

10. குறிப்பேடு

நாள், மணி, இடம், வானத்தின் நிலை, பார்த்தது, ஒரு கைவரைபடம். எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு எல்லாம் மீண்டும் புதிதாக இருக்கும்.

வேலை ஒன்றும் தருகிறேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வாரம் ஒரு முறை திருவாதிரையை ரோகிணியோடு ஒப்பிட்டு, எது பிரகாசம், எவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்போது ஒப்பிட வேண்டும், தாழ்ந்து நிற்பதைக் காற்று மங்கலாக்கிவிடும். திருவாதிரை ஒளி மாறும் நட்சத்திரம். வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசமானது. 2020 பிப்ரவரியில் ரோகிணியைவிட நன்றாகவே மங்கிப்போனது. கருவி எதுவும் இல்லாமல் மாடியிலிருந்தே அதைக் காண முடிந்தது. குறிப்பு வைத்திருந்தவர்களுக்கு வாரவாரமாக அந்த வீழ்ச்சி தாளில் இருந்தது.

11. மழைக்காலத்தில் கருவியைக் காப்பது

நம் ஈரக்காற்றில் லென்ஸுக்கு எதிரி கீறல் அல்ல, பூஞ்சை. தோல் உறையில் போட்டு அலமாரியில் மூடினால் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்துவிடும். அதை நீக்குவது கடினம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பனி இறங்கிய இரவில் லென்ஸ் நனைந்தால் துணியால் துடைக்காமல், மூடாமல், மின்விசிறிக் காற்றில் உலரவிட்டுப் பிறகே டப்பாவில் போடுங்கள். நிறம் மாறும் நீல சிலிகா ஜெல் என்றால், இளஞ்சிவப்பானதும் அதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்குங்கள். நீலம் திரும்பியதும் ஆறவைத்து மறுபடி உள்ளே வைக்கலாம். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு முறை, கார்த்திகை நடுவில் ஒரு முறை இதைச் செய்துவிடுங்கள்.